பச்சைக்குப் பயந்த டில்லி அண்ணன்

ஆரணி வாழ் பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவின் மொட்டைமாடியில் இனிமேல் எலுமிச்சம்பழம் நசுக்கப்பட மாட்டாது. எலுமிச்சை வியாபாரிகள் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது எல்லோரும் செய்வதுதான். ட்ரோனுக்கு அடியில் வைத்தவர் எனக்குத் தெரிந்து டில்லி அண்ணன் ஒருவர்தான். அதுவும் வாங்கிய அன்று மட்டும் அல்ல, பறக்கவிடும் ஒவ்வொரு தடவையும். பழத்தை நசுக்கும் அளவுக்கு ட்ரோனுக்குக் கனம் கிடையாது. அடைகாக்கும் கோழி மாதிரி பழத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அண்ணன் அதன் முதுகில் கையை வைத்து அழுத்துவார். சாறு தெறித்த பிறகுதான் ரிமோட்டைக் கையில் எடுப்பார். கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போன இடத்தில் மாப்பிள்ளை குதிரைமேல் காத்திருந்தாலும் சரி, எலுமிச்சம்பழம் வராமல் ட்ரோன் ஏறாது.

அந்த டில்லி அண்ணன்தான் போன மாதம் நம்மை விட்டுப் போனார். நம் போட்டோகிராபர் சங்கத்து மலரில் அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்கே தெரியும். அவரைப் பயமுறுத்துவதில் ஊரிலேயே முதலிடம் எனக்குத்தான். லோகு என்ற என் பெயரைக் கேட்டாலே அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நானோ, உங்களுக்குத் தெரிந்த மாதிரி, பயம் என்ன விலை என்று கேட்கிற ஆள்.

செய்தி வந்தபோது நான் தேவிகாபுரம் பஸ்ஸில், நண்பன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் அண்ணனிடம் ஒரு வேலை காட்டியிருந்தேன். ஸ்டுடியோவின் உள்ளறையைக் கம்ப்யூட்டரில் மாடலாக்கி, அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அந்த இடம் இடிந்து விழும் என்று கம்ப்யூட்டர் சொல்வதாகக் காட்டினேன். மனிதர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர்களையும் வாசலிலேயே உட்காரவைத்து, பின்னால் பால்காரர் சைக்கிளோடு படமெடுத்தார். உண்மையைச் சொன்னபோது என்னைத் துரத்திக்கொண்டே வந்து, "ஒரு நாள் உன்ன கதற உடறன் பாருடா" என்று சபதம் செய்தார்.

ஆகவே பஸ்ஸில் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்து, ஒரு பெண் குரல் அழுதுகொண்டே, "லோகு, அண்ணன் போயிட்டாருப்பா" என்றதும் நான் சிரித்தேன். "சூப்பர்ணா! குரல கூட மாத்திட்டீங்களே, ஆனா அழுகைதான் கொஞ்சம் ஓவரு" என்றேன்.

மறுமுனையில் அழுகை நின்றுவிட்டது. பஸ் ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார், யாரோ சில்லறை கேட்டார்கள். அதற்குள்ளே தனியாக அந்த அமைதி. பிறகு மல்லிகா அண்ணி, கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "நான் அண்ணி பேசறம்ப்பா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோலயே போயிட்டாரு. நிஜம்ப்பா."

அன்று முதல் என் போன் அடித்தால் எடுப்பதற்கு முன் ஒரு நொடி கை நின்றுவிடுகிறது.

அண்ணனின் பெயர் டில்லி. ஆனால் வேலூர் தாண்டினாலே திரும்பும் பஸ்ஸைத் தேடுவார். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்ட்டுக்குப் பயம், ஓடிபி கேட்டு வரும் அழைப்புக்குப் பயம். உயரம் என்றால் ஏணியின் முதல் படியே அவருக்கு உயரம்தான். அப்படிப்பட்டவர் ட்ரோன் வாங்கியதற்குக் காரணமும் பயம்தான். மண்டபத்து மாடியில் ஏறிக் கூட்டத்தைப் படமெடுக்கச் சொல்வார்கள். அதற்கு இது தேவலாம் என்று வாங்கினார். "என் கண்ணு மேல போவட்டும், நான் கீழ இருக்கறன்" என்பார்.

நாங்கள் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கியதற்கு நான் காரணம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறேன். ஒரு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களை மென்பொருளில் கொடுத்தால், அந்தக் கட்டடத்தின் மேற்பரப்பை அப்படியே முப்பரிமாண மாடலாகக் கட்டித் தரும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது முழுக்க முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். மீன்வலையை இழுத்துச் சுவர் மேல் போர்த்திய மாதிரி இருக்கும். அந்த முக்கோண வலையை இன்னொரு வலையிடம் கொடுக்க வேண்டும். அதற்கு நரம்பியல் வலை என்று பெயர். எந்த இடத்தில் சுவர் புடைத்திருக்கிறது, எந்த இடம் சரியாக இருக்கிறது என்று நாம் நிறம் பூசிக் காட்டிக்கொண்டே வந்தால், அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு புதுச் சுவரைக் காட்டினால் தானே நிறம் பூசும். ஆபத்து என்றால் சிவப்பு, சரி என்றால் பச்சை. இதை நான் அண்ணனுக்கு விளக்கியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அதுக்குத் தெரியலன்னா இன்னா கலர் பூசும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அதுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். நான் பார்த்தது பரபரப்பு. அவர் பார்த்தது மேற்பரப்பு.

அந்த வலையைப் பழக்குவதற்காக ஆரணியில் உப்பிய சுவர், வயிறு தள்ளிய காம்பவுண்டு என்று ஒன்றையும் விடவில்லை. பட்டுச் சொசைட்டிக்குப் பக்கத்துச் சுவர், ஆற்றங்கரைப் படித்துறை, யார் வீட்டுக் குளியலறை என்று கேட்கக் கூடாத ஒரு குளியலறை, எல்லாம் எங்கள் கணக்கில் வந்தன. நிறம் பூசும் வேலையைப் பாதி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் சிவப்பு பூசினார். புடைத்தது சிவப்பு, புடைக்காததும் சிவப்பு. ஏன் என்று கேட்டால், "இன்னிக்குப் புடைக்கல. நாளைக்கு?" என்றார். அவர் பூசியதை மட்டும் வைத்து ஒரு தடவை பழக்கிப் பார்த்தேன். டிபன் கடை இட்லிப் பானையைக் காட்டினேன், அதற்கும் சிவப்பு. விழுந்து விழுந்து சிரித்தேன். கம்ப்யூட்டருக்கும் பயம் தொற்றிக்கொண்டது என்று காலேஜ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்புறம் அவர் பூசியதையெல்லாம் அழித்துவிட்டு நானே திரும்பப் பூசினேன். வலை தைரியசாலி ஆகிவிட்டது. என்னைப் போல.

களம்பூர் மில் வேலை வந்தது அதற்குப் பிறகுதான். நெல் அவிக்கும் பழைய ரைஸ் மில். பாய்லருக்குச் செங்கல்லால் கட்டிய உயரமான புகைபோக்கி. ஒரு நாள் அதன் மேலிருந்து ஒரு செங்கல் கழன்று, அவித்த நெல்லைக் காயப்போடும் களத்தில் விழுந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த குப்பம்மா அக்காவுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் ஒரு முறத்தின் அகலம்தான் இருந்தது. முதலாளி பாய்லரை நிறுத்திவிட்டு, மேலே ஏறிப் பார்க்க ஆள் தேடினார். யாரும் ஏறவில்லை. அறுவடை நெல் லாரி லாரியாக வந்து வாசலில் நின்றது. அவருக்கு அவசரம். அதனால் எங்களைக் கூப்பிட்டார்.

அண்ணன் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து நடந்து, கேட்டுக்கு வெளியே போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். பழம் நசுக்கினார். ட்ரோன் புகைபோக்கியைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ரிமோட்டைப் பிடித்திருந்த அவர் விரல்கள் நடுங்கின. ஆனால் படம் ஒன்றுகூட அசையவில்லை. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. களத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். குப்பம்மா அக்கா, "தம்பி, அப்டியே எங்க மூஞ்சிய ஒரு போட்டோ புடி. மேலர்ந்தாவது அழகா தெரியறமான்னு பாக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே மாடல் தயார். அந்த வாரம்தான் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்திருந்தது, மின்னல் வேகம். வலையிடம் கொடுத்தேன். அடியிலிருந்து நுனிவரை பச்சை. வாழைக்கன்று மாதிரி நின்றது புகைபோக்கி. அந்தப் படத்தை முதலாளிக்கு அனுப்பி, "சிம்னி ஃபிட், கவலை வேண்டாம்" என்று எழுதினேன். கீழே என் பெயரை இரண்டு தடவை போட்டேன். காலையில் பாய்லர் பற்றவைப்பதாகப் பதில் வந்தது.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு எடத்துல கூட செவப்பு இல்லியே லோகு."

"அதான்ணா சந்தோஷம்."

"எனக்குப் பச்சையப் பாத்தாதான் ஜாஸ்தி பயம்ப்பா. செவப்புன்னா நின்னுடுவன். பச்சைன்னா போவணுமே."

நான் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கண் சிவந்திருந்தது. "ராத்திரி பூரா தூக்கமில்லடா. அந்தக் கல்லு பச்சையிலர்ந்தா விழுந்துச்சி? எனக்குப் பயமா கீது. நீ ஒண்ணு பண்ணு. தெரிஞ்ச திருடனப் புடிக்குதான்னு மொதல்ல பாரு. அப்புறம் தெரியாத திருடனப் பாக்கலாம்."

தெரிந்த திருடன் என்று அவர் சொன்னது ஸ்டுடியோவின் பின்பக்கச் சுவரை. எட்டு மாசக் கர்ப்பிணி மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கும். குருடன் தடவினாலும் சொல்லிவிடுவான். நாங்கள் முதலில் பழக்கியதே அதை வைத்துத்தான். எனக்கு எரிச்சல். அவர் வாயை அடைக்கலாம் என்று போனேன். போனிலேயே சுற்றிப் படமெடுத்து, புதுப் பதிப்பில் மாடலாக்கி, வலையிடம் கொடுத்தேன்.

பச்சை.

திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் பச்சை. அந்தச் சுவர் நிஜத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. திரையில் இளம்பயிர் மாதிரி பச்சையாகச் சிரித்தது.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தது நான்தான், அதை மட்டும் எனக்குக் கொடுங்கள். மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு முக்கோணத்துக்கும் வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது என்று ஒரு குறிப்பு உண்டு. புதுப் பதிப்பு அதை மாற்றிக் கணக்கெடுத்திருந்தது. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்ட மாதிரி மொத்த மாடலும் திரும்பியிருந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வலைக்கு எல்லாம் தலைகீழ். வெளியே தள்ளிய வயிறு, உள்ளே போன குழியாகத் தெரியும். குழி என்றால் தேய்ந்த கல், ஆபத்தில்லை என்று நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதாவது புகைபோக்கி எங்கெல்லாம் புடைத்திருந்ததோ அங்கெல்லாம் அது பச்சை பூசியிருந்தது. மாடலைத் திருப்பிப்போட்டு மறுபடி கொடுத்தேன். புகைபோக்கியின் மேல்பாதியில், களத்தைப் பார்த்த பக்கம், ஒரு பெரிய சிவப்பு. ரத்தம் கட்டின மாதிரி.

மணியைப் பார்த்தேன். பாய்லர் பற்றவைக்கும் நேரம். முதலாளிக்குப் போன் அடித்தோம், எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம், எடுக்கவில்லை. மில் ஓடும்போது போன் சத்தம் யாருக்குக் கேட்கும்?

அண்ணன் பைக்கில் நாற்பதைத் தாண்டியதில்லை. அன்று அவர் பின்னால் உட்கார்ந்து, "ஜல்தி போங்கண்ணா, ஜல்தி" என்று முதுகில் அடித்துக்கொண்டே போனேன். நெல் லாரிகளுக்கு இடையில் ஊசி மாதிரி நுழைந்தார். ஏதோ சாமி பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எல்லாச் சாமியும் ஒரே மூச்சில் வந்தார்கள். களம்பூர் நெருங்கும்போது தூரத்தில் புகைபோக்கி தெரிந்தது. அதன் உச்சியில் கறுப்பாகப் புகை. பற்றவைத்துவிட்டார்கள். அந்தப் புகைபோக்கி அன்று என் புகழ்போக்கி ஆனது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சிலேடையெல்லாம் தோன்றவில்லை. அதற்கு அடியில் களம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நேராகக் களத்துக்குள், காயும் நெல்லின் மேல், செருப்போடு. நெல்லைச் செருப்பால் மிதித்தால் அந்தப் பெண்கள் விடுவார்களா? "யோவ், கண்ணு தெரில? நெல்லு மேல செருப்போட நிக்கறியே, வெளங்குவியா நீ?" என்று குப்பம்மா அக்கா துடைப்பத்தோடு எழுந்தார். அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மேலே கையைக் காட்டினார். கை ஆடிய ஆட்டத்தில் எதைக் காட்டுகிறார் என்றே தெரியவில்லை. பெண்கள் சிரித்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த நான், "இடியப் போவுது, எழுந்திருங்க!" என்று கத்தினேன். ஒருத்தரும் அசையவில்லை. "போடா வாலு. நேத்து பச்சைன்னியாம், மொதலாளி எல்லாருக்கும் காட்டினாரு" என்றாள் ஒருத்தி. ஊரெல்லாம் குறும்பு செய்து நான் சம்பாதித்த பெயருக்கு அன்று கிடைத்த மரியாதை அது.

அப்போது டில்லி அண்ணன் அழுதார். விசும்பல் அல்ல, வாய்விட்டு. நெல்லின் நடுவில், புகைபோக்கிக்கு நேர் கீழே, அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "அம்மா, எனக்குப் பயமா கீதும்மா. எழுந்து வாங்கம்மா. நீங்க வந்தாதான் நானும் வருவன்."

பெண்களின் சிரிப்பு நின்றது. ஒரு ஆம்பிளை இப்படி நடுக்களத்தில் அழுவதை அவர்கள் பார்த்ததில்லை. குப்பம்மா அக்கா துடைப்பத்தைப் போட்டார். "ஏய், எழுந்திருங்கடி. இவன் இப்டி அழுவறான்னா ஏதோ கீது" என்று அவரைக் கைகொடுத்துத் தூக்கினார். எல்லோரும் அவரை நடுவில் விட்டு, துக்க வீட்டுக்குக் கூட்டிப்போவது மாதிரி கேட் பக்கம் நடத்திக்கொண்டு வந்தார்கள்.

முதலாளி வந்து என் சட்டையைப் பிடித்தார். "நேத்து பச்சை, இன்னிக்கு சிவப்பா? மில்லு நடத்தறனா, டிராபிக் சிக்னல் நடத்தறனா நான்?" அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் கையை என் சட்டையிலிருந்து எடுத்தார். "தப்பு எங்களுதுங்க. பையனத் திட்டாதீங்க. நெருப்ப அணைங்க, அப்புறம் என்னத் திட்டுங்க." முதலாளி மேலே பார்த்தார், பெண்களைப் பார்த்தார். நெருப்பை அணைக்கச் சொன்னார்.

பிறகு இன்ஜினியர் வந்து பார்த்து, மேல்பாதியை இறக்கச் சொன்னார். இறக்குகிற அன்று நாங்களும் கேட்டுக்கு வெளியே நின்றோம். சாரத்தில் ஏறிய ஆள் கடப்பாரையை ஒரு கல்லில்தான் வைத்தார். ஒரு பக்கம் முழுவதும், யாரும் கேட்காமலே, தானாகச் சரிந்து இறங்கியது. தூசி அடங்க வெகுநேரம் ஆனது. களத்தில் எந்த இடத்தில் அண்ணன் மண்டியிட்டாரோ அந்த இடம் தெரியவில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைக் கிண்டல் செய்ய ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அவர் பிடித்திருந்தது அவர் விழாமல் இருக்கவா, நான் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஊர் அவரை மாலை போட்டுத் தூக்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள். மில் மூடிக் கிடந்தது. பெண்களுக்கு வேலை இல்லை. ஒரு நாள் குப்பம்மா அக்கா ஆரணிக்கே வந்து, ஸ்டுடியோ வாசலில் நின்று, "உன் பயத்துல எங்க அடுப்பு அணைஞ்சிடுச்சிய்யா" என்றார். அண்ணன் ஷட்டரை இறக்கிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அவரோடு களம்பூருக்குப் போனார். பக்கத்தில் இருந்த இன்னொரு மில்லின் முதலாளி முன்னால் கைகட்டி நின்று எல்லோருக்கும் வேலை கேட்டார். முதலாளிமார் என்றாலும் அவருக்குப் பயம்தான். வேலை கிடைத்தது. திரும்பி வரும்போது நான், "நூறு தடவை பயப்படறீங்க, ஒரு தடவைதானே நிஜமாகுது?" என்று கேட்டேன். "எந்தத் தடவைன்னு தெரியாதேப்பா. அதான் நூறு தடவையும் பயப்படறன்" என்றார்.

அதன் பிறகு எந்த மாடலை வலையிடம் கொடுப்பதற்கு முன்னும் ஸ்டுடியோவின் பின்சுவரைக் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமானது. அது சிவப்பு என்று சொன்னால்தான் மற்றதைக் கேட்போம். நான் அழித்திருந்தாலும் அவர் பிரதி எடுத்துவைத்திருந்த தன் நிறங்களிலும் கொஞ்சத்தை நான் திரும்பச் சேர்த்தேன். இட்லிப் பானையைத் தவிர.

அண்ணனின் கருமாதிக்குக் குப்பம்மா அக்கா மற்றப் பெண்களோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, இப்ப நாங்க வேல செய்யற மில்லும் அதே காலத்துதான். அந்த சிம்னியும் அப்டியேதான் கீது. வந்து பாக்கறன்னு டில்லி தம்பி சொல்லிகினே இருந்துச்சி. அதுக்குள்ள போயிடுச்சி. இனிமே யாரு பாப்பா?"

சுற்றி நம் சங்கத்துக்காரர்கள் நின்றிருந்தீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் பாத்தாச்சுக்கா. போன வாரமே ட்ரோன் ஏத்திப் பாத்துட்டேன். எல்லாம் பச்சை. பயப்படாதீங்க" என்றேன். உங்களில் சிலர் என் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். டில்லி இடத்தைப் பிடிக்க ஒரு பயல் இருக்கிறான், அதுவும் பயமில்லாத பயல் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கவே இல்லை. மல்லிகா அண்ணி ஸ்டுடியோ சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார். பல நாள் போய்த் திறந்தேன். ட்ரோன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு, பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பறக்கவிட வராது என்பதல்ல. பறக்கவிட்டு, மாடலாக்கி, ஒருவேளை முழுக்கப் பச்சை என்று வந்துவிட்டால்? அதைப் பார்த்துப் பயப்பட அண்ணன் இல்லை. இத்தனை நாளும் என் பங்குப் பயத்தையும் அவரே பட்டுக்கொண்டிருந்தார். நான் கையை வீசிக்கொண்டு தைரியமாகத் திரிந்தேன். பயம் என்ன விலை என்று கேட்டவன், இந்த மலருக்கு இரண்டு பக்கம் எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயம்தான். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

மேலே உள்ள பத்தியை எழுதிவிட்டுக் குப்பம்மா அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யிக்கா. இன்னும் பாக்கல."

"தெரியும்ப்பா" என்றார்.

"எப்டிக்கா?"

"டில்லி தம்பி ஒரு நாளாச்சும் பயப்படாதீங்கன்னு சொல்லிச்சா? நீ சொன்ன பாரு, அப்பவே எங்களுக்குப் புரிஞ்சிடுச்சி. அன்னிலர்ந்து சிம்னிக்கு அந்தாண்ட கோடியிலதான் நெல்லு கொட்டிகினு கீறோம். மொதலாளி திட்டிகினேதான் கீறாரு." கொஞ்சம் நிறுத்தி, "எப்ப வர்ற?" என்றார்.

"நாளைக்குக் காலையிலக்கா."

"பயமா கீதா?"

"கீதுக்கா."

"அப்ப வா."